மூன்றாவது கோடு: மலக்குடல் புற்றுக்கு அறுவைக்கு முன் செய்த அல்ட்ராசவுண்ட், ஒரு நிகழ்வு ஆய்வு

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த 54 வயதுப் பெண். தொழில் பீடி சுற்றுவது. மலத்தோடு ரத்தம் போகிறது என்று வேலூரில் எங்கள் அறுவைப் பிரிவுக்கு அவர் வந்தபோது, ரத்தம் போகத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிவிட்டிருந்தது. அவருடைய சம்மதத்தோடும், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியும் இதை எழுதுகிறேன்.

இந்த நோயாளியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கட்டி குடல் சுவரில் எந்த அடுக்கு வரை இறங்கியிருக்கிறது என்ற ஒரே கேள்வியில்தான் அவருடைய மலக்குடல் இருக்குமா போகுமா என்பது அடங்கியிருந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனால் அந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆசனவாய் வழியாகச் செய்த அல்ட்ராசவுண்ட் சொன்னது. அது எப்படிச் சொன்னது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை இளம் அறுவை மருத்துவர்களும், ஸ்கேன் அறையில் வேலை செய்பவர்களும், இப்படியொரு நோயாளியை வீட்டில் வைத்திருப்பவர்களும் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

நோயின் வரலாறு

முதலில் மலம் கழித்து முடித்ததும் சொட்டுச் சொட்டாக ரத்தம். இரண்டு மாதம் கழித்து மலத்தின் மேலேயே ரத்தமும் சளியும். அப்புறம், போய்விட்டு வந்தாலும் இன்னும் பாக்கி இருப்பது போன்ற உணர்வு. இந்தக் கடைசி அறிகுறியை நோயாளிகள் தாமாகச் சொல்வது குறைவு, கேட்டால்தான் வரும். எடை குறையவில்லை, வயிற்று வலி இல்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். இரண்டு குழந்தைகள், இரண்டும் சுகப்பிரசவம். குடும்பத்தில் யாருக்கும் குடல் புற்று இருந்ததாகத் தெரியவில்லை.

“நாள் முழுக்க உக்காந்தே வேல செய்றோம், சூடு புடிச்சிகினு மூலம் வந்திருக்கும்னு நெனச்சேன்” என்றார். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டிப் பார்த்திருக்கிறார். பிறகு மூல சிகிச்சை என்று பலகை வைத்த ஓர் இடத்தில் களிம்பும் மாத்திரையும் வாங்கியிருக்கிறார். இந்த ஐந்து மாதத்தில் ஒருவர்கூட விரல் விட்டுப் பார்க்கவில்லை.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பேருந்து நிலையச் சுவர்களில் மூலம், பவுத்திரம் என்று எழுதியிருக்கும் விளம்பரங்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஆசனவாயில் ரத்தம் என்றால் மூலம் என்று மனம் தானாக முடிவு கட்டிவிடுகிறது. ஒரு கையுறை, கொஞ்சம் ஜெல்லி, அரை நிமிடம் போதும். இந்த அம்மாவின் கட்டி ஆசனவாய் விளிம்பிலிருந்து 4 செ.மீ. தூரத்தில், விரல் நுனிக்கு எட்டும் இடத்திலேயே இருந்தது. கல்கத்தாவிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கும் குடும்பங்கள் வேலூருக்கு வைத்தியம் தேடி வருகின்றன. முப்பது சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குடியாத்தத்திலிருந்து வர ஐந்து மாதம் ஆகிறது. தூரம் இதற்குக் காரணமில்லை. கூச்சமும், மூலம்தானே என்ற நினைப்பும்தான் காரணம்.

பரிசோதனை

லேசாக வெளுத்திருந்தார், ஹீமோகுளோபின் 9.8. வயிற்றில் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. விரல் பரிசோதனையில் மலக்குடலின் பின்புறச் சுவரில், இடது பக்கமாகச் சாய்ந்து, தட்டையாக எழும்பிய ஒரு கட்டி. நடுவில் சிறு பள்ளம். விளிம்பு மெத்தென்று இருந்தது, பள்ளம் மட்டும் கெட்டி. முக்கியமான விஷயம், கட்டியை விரலால் தள்ளினால் நன்றாக நகர்ந்தது. நகரும் கட்டி ஆழமாக ஊன்றவில்லை என்பது விரல் தரும் முதல் தகவல். எந்த ஸ்கேன் எடுப்பதாக இருந்தாலும் அதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். அல்ட்ராசவுண்ட் குழாயை, அதாவது ப்ரோபைப் பிடிக்கப்போகிறவரே முதலில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

கொலோனோஸ்கோபியில் பெருங்குடலின் தொடக்கம் வரை பார்த்ததில் வேறு கட்டி இல்லை. மலக்குடலில் சுமார் இரண்டரை செ.மீ. அளவில் அந்த ஒன்றுதான். பயாப்சி எடுத்த சக மருத்துவர் விளிம்பிலிருந்து மட்டும் சிறு துணுக்குகள் எடுத்தார். அடிவரை சுரண்டவில்லை, கட்டியை முழுதாக வெட்டியெடுக்கவும் முயலவில்லை. இது பின்னால் எவ்வளவு உதவியது என்பது ஸ்கேன் அறையில் தெரிந்தது. முடிவு: நடுத்தர வேறுபாடு கொண்ட அடினோகார்சினோமா, அதாவது இயல்பான செல்லிலிருந்து ஓரளவு மாறியிருக்கும் சுரப்பித் திசுப் புற்று. ரத்தத்தில் புற்றுக் குறியீடான சி.இ.ஏ. 2.1. நெஞ்சு, வயிறு சி.டி. ஸ்கேனில் நுரையீரலிலோ கல்லீரலிலோ பரவல் இல்லை.

எம்.ஆர்.ஐ. சொன்னதும் சொல்லாததும்

இடுப்பு எம்.ஆர்.ஐ. அறிக்கை இது: கட்டி குடல் சுவருக்குள்ளேயே இருக்கிறது, சுற்றியுள்ள கொழுப்புக்குள் பாயவில்லை, மலக்குடல் உறை (மலக்குடலையும் அதைச் சுற்றியுள்ள கொழுப்பையும் மூடியிருக்கும் சவ்வு) கட்டியிலிருந்து நல்ல தூரத்தில் இருக்கிறது, சந்தேகப்படும்படியான நிணநீர் முடிச்சு இல்லை. நிலை: டி1 அல்லது டி2.

இந்த “அல்லது” என்ற சொல்லில்தான் எல்லாம் தொங்கியது. மலக்குடல் புற்றில் டி1 என்றால் கட்டி சளிச்சவ்வையும் அதற்குக் கீழுள்ள இணைப்பு அடுக்கையும் தாண்டவில்லை. டி2 என்றால் தசை அடுக்குக்குள் நுழைந்துவிட்டது. டி3 என்றால் தசையையும் தாண்டிக் கொழுப்புக்கு வந்துவிட்டது. டி4 என்றால் பக்கத்து உறுப்பையோ வயிற்றறை உறையையோ தொட்டுவிட்டது. தசைக்குள் நுழையாத கட்டியில் நிணநீர் முடிச்சுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. நுழைந்துவிட்டால் ஐந்தில் ஒன்று. அதனால் டி1 கட்டியில், மற்ற அறிகுறிகளும் சாதகமாக இருந்தால், ஆசனவாய் வழியாகவே கட்டியை மட்டும் முழுத் தடிமனில் வெட்டியெடுத்து மலக்குடலைக் காப்பாற்றலாம். டி2 என்றால் மலக்குடலையும் சுற்றியுள்ள கொழுப்பையும் உறையோடு எடுப்பதுதான் நிலைபெற்ற சிகிச்சை. 4 செ.மீ. உயரத்தில் இருக்கும் கட்டிக்கு அப்படிச் செய்தால் தற்காலிகமாகவாவது வயிற்றில் மலப்பை வரும். சுருக்குத் தசையைக் காப்பாற்ற முடியாமல் போனால் அந்தப் பை நிரந்தரம்.

அறிக்கை எழுதியவர் மேல் குறை இல்லை. எம்.ஆர்.ஐ.யின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. கட்டிக்கும் மலக்குடல் உறைக்கும் இடையில் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்பதை அறுவைக்கு முன்பே நம்பிச் சொல்லலாம் என்று 2006இல் வெளியான மெர்க்குரி ஆய்வு காட்டியது. அதற்குப் பிறகு பெரிய கட்டிகளுக்கு எம்.ஆர்.ஐ.தான் அரசன், அதில் எனக்கு மறு கருத்து இல்லை. ஆனால் சளிச்சவ்வுக்கும் தசைக்கும் நடுவே ஓடும் அந்த மெல்லிய அடுக்கைப் பிரித்துக் காட்டுவதில் அது தடுமாறும். 2004இல் வந்த ஒரு தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டிப் பார்ப்பது) எம்.ஆர்.ஐ.யையும் ஆசனவாய் வழி அல்ட்ராசவுண்டையும் ஒப்பிட்டது. தசைக்குள் நுழைந்த கட்டியைக் கண்டுபிடிப்பதில் இரண்டும் சமம், 94 சதவீதம். நுழையாத கட்டியை நுழையவில்லை என்று சரியாகச் சொல்வதில் அல்ட்ராசவுண்ட் 86, எம்.ஆர்.ஐ. 69. அதாவது, எம்.ஆர்.ஐ.யை மட்டும் நம்பினால் மலக்குடலைத் தேவையில்லாமல் இழக்கிறவர்கள் கூடுவார்கள்.

நோயாளியிடம் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. மகன் கூட இருந்தார். “பை வெச்சா நான் எப்படிங்க சார் பீடி சுத்துவேன்? மொறத்த மடியில வெச்சிகினுதான் நாளெல்லாம் உக்காரணும்” என்றார். நிரந்தரப் பை வரும் இடம் இடது அடிவயிறு. முறத்தின் விளிம்பு படிகிற இடமும் அதுதான். நோயைப் பற்றி நான் விளக்கிய எல்லாவற்றையும்விடத் தெளிவாக அவர் தன் நிலையைச் சொல்லிவிட்டார். மகன், “உயிருக்கு எது நல்லதோ அத செய்ங்க சார், வேலய நாங்க பாத்துக்கிறோம்” என்றார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம். “இன்னொரு ஸ்கேன் இருக்கும்மா. கத்தி வைக்கறதுக்கு முன்னாடி அதையும் பாத்துடலாம்” என்று சொன்னேன்.

ஆசனவாய் வழி அல்ட்ராசவுண்ட்

இது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவில் வேலை செய்த ஜான் வைல்ட் 1950களிலேயே மலக்குடலுக்குள் சுழலும் ஒலி ப்ரோபை வைத்துப் பார்க்க முயன்றார். டென்மார்க்கின் டிராக்ஸ்டெட், காமல்கார்ட் இருவரும் 1983இல் மலக்குடல் புற்றின் ஆழத்தை இதனால் அளக்கலாம் என்று எழுதினார்கள். 1985இல் ஜெர்மனியின் ஹில்டெபிராண்ட், ஃபைஃபெல் இருவரும் டி நிலைக்கு முன்னால் “யூ” என்ற எழுத்தைச் சேர்த்து அல்ட்ராசவுண்ட் நிலைக்கென்று தனிக் குறியீடு வகுத்தார்கள். இன்றும் அறிக்கையில் யூடி1, யூடி2 என்றுதான் எழுதுகிறோம்.

மயக்க மருந்து வேண்டாம், ஊசி வேண்டாம், கதிர்வீச்சு இல்லை. கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடம். ஆனால் தயாரிப்பில் கஞ்சத்தனம் பார்த்தால் படம் பாழ். எனிமா கொடுத்து மலக்குடலைக் காலி செய்ய வேண்டும். கட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு துணுக்கு மலமோ ஒரு காற்றுக் குமிழியோ போதும், அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் நிழலில் மறைந்துவிடும். இவருக்கு எனிமாவுக்குப் பிறகும் குழாய் வழியாகப் பார்த்து, கட்டியின் மேல் படிந்திருந்த சளியைக் கழுவியெடுத்த பிறகே ப்ரோபை எடுத்தோம்.

இடது பக்கம் சாய்ந்து படுத்து, முழங்காலை மடக்கிக்கொள்ளச் சொன்னோம். 360 பாகையும் சுற்றிக் காட்டும் ப்ரோப், 10 மெகாஹெர்ட்ஸ். நுனியில் லேடெக்ஸ் உறை. உள்ளே காற்று நீக்கிய தண்ணீர். உறைக்குள் இருக்கும் குமிழிகளை வெளியிலேயே தட்டித் தட்டி நீக்கிவிட வேண்டும். செவிலியர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, “மூச்ச நல்லா இழுத்து வாயால விடுங்கம்மா, வலிக்காது, பாரமா மட்டும் இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நோயாளி இறுக்கிக்கொண்டால் படம் ஆடும். ஆகவே அந்தப் பேச்சும் ஸ்கேனில் ஒரு பாதி.

ப்ரோபைக் கட்டிக்கு மேல் வரை கொண்டுபோய், உறையில் தண்ணீரை ஏற்றி, மெல்ல மெல்லக் கீழே இழுத்துக்கொண்டே பார்ப்பதுதான் முறை. திரையில் நல்ல குடல் சுவர் ஐந்து வளையங்களாகத் தெரியும். சேலைக் கரையில் ஓடும் கோடுகள் போல வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. உள்ளேயிருந்து எண்ணினால் முதல் வெள்ளை, தண்ணீர் உறையும் சளிச்சவ்வும் தொடும் இடம். அடுத்த கறுப்பு, சளிச்சவ்வும் அதன் மெல்லிய தசையும். மூன்றாவது வெள்ளை, சளிச்சவ்வின் கீழ் அடுக்கு. நான்காவது கறுப்பு, குடலின் தசை. ஐந்தாவது வெள்ளை, தசையும் வெளிக் கொழுப்பும் சேரும் இடம். புற்று கறுப்பாக, சாம்பல் கலந்து தெரியும். அந்தக் கறுப்பு மூன்றாவது வெள்ளைக் கோட்டைக் கடந்ததா? கடந்தால் டி2. ஐந்தாவது வெள்ளைக் கோட்டைக் கடந்ததா? கடந்தால் டி3. படிப்பது இவ்வளவு எளிது. எடுப்பதுதான் கடினம்.

படத்தில் கண்டவை

கடிகார முள்ளின்படி முன்புறம் 12 மணி, பின்புறம் 6 மணி. கட்டி 4 மணியிலிருந்து 6 மணி வரை, சுற்றளவில் கால் பங்குக்கும் குறைவு. நீளம் 24 மி.மீ., தடிமன் 7 மி.மீ. மேல் பாதியில் ஐந்து கோடுகளும் தெளிவு: கறுப்புக் கட்டி மூன்றாவது வெள்ளையின் மேல் உட்கார்ந்திருந்தது, வெள்ளை அறவில்லை.

கீழ் விளிம்புக்கு வந்தபோது சிக்கல். 5 மணியில் மூன்றாவது கோடு மறைந்து, கட்டியின் கறுப்பும் தசையின் கறுப்பும் ஒன்றாகக் கலந்தது போல் தெரிந்தது. அந்த இடத்தில் திரையை நிறுத்திப் படம் எடுத்திருந்தால் அறிக்கை யூடி2. இந்த அம்மாவுக்குப் பை.

ஆனால் அந்த இடம் எந்த இடம் என்று யோசிக்க வேண்டும். மலக்குடல் ஆசனவாய்க் கால்வாயோடு சேரும் இடத்தில் குடல் பின்னோக்கி வளைகிறது. நேராகப் பிடித்த ப்ரோபின் ஒலி அங்கே சுவரைச் செங்குத்தாகத் தொடாமல் சாய்வாகத் தொடும். சாய்வாகத் தொட்டால் எந்த அடுக்கும் தன் உண்மைத் தடிமனில் தெரியாது; கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று பூசிக்கொண்டு வரும். கட்டி இல்லாத பக்கத்தைப் பார்த்தால் இது உடனே புரியும். அன்றைக்கு 11 மணியிலிருந்த நல்ல சுவரிலும் கோடுகள் மங்கலாகத்தான் இருந்தன. நல்ல சுவரே மங்கலாகத் தெரிகிற படத்தில் கெட்ட சுவரைப் பற்றித் தீர்ப்பு சொல்லக் கூடாது.

ப்ரோபின் கைப்பிடியை முன்பக்கமாகத் தூக்கி, நுனி பின்புறச் சுவருக்கு இணையாக வரும்படி செய்தோம். உறையில் தண்ணீர் கொஞ்சம் அதிகமாக இருந்தது, அதையும் குறைத்தோம். தண்ணீர் மிஞ்சினால் கட்டியை நசுக்கி அடுக்குகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். குறைந்தால் சுவர் தொடாமல் காற்று நுழையும். இந்த அளவு நோயாளிக்கு நோயாளி மாறும்; கைதான் பழக வேண்டும். 11 மணியில் ஐந்து கோடுகளும் கூராக வந்த பிறகே 5 மணிக்குத் திரும்பினோம். மூன்றாவது வெள்ளைக் கோடு அங்கே இருந்தது. பள்ளத்துக்கு நேர் கீழே மெலிந்திருந்தது, உள்ளே ஒரு சிறு குழிவும் இருந்தது. ஆனால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தொடர்ந்து ஓடியது. அதன் கீழே தசையின் கறுப்பு சீரான தடிமனில் இருந்தது.

விளிம்பில் மட்டும் எடுத்த பயாப்சியின் அருமை இங்கேதான் தெரிந்தது. ஆழமாகச் சுரண்டியிருந்தால் ரத்தக் கசிவும் வீக்கமும் அதே கறுப்பில் தெரியும். புற்று எது புண் எது என்று பிரிக்க முடியாது. இந்த முறையின் பொதுவான தவறு இருப்பதைவிட அதிகமாகச் சொல்வது. டி2 கட்டியைச் சுற்றியுள்ள அழற்சியைப் புற்று என்று நினைத்து டி3 என்று எழுதிவிடுவது எங்கும் நடக்கிறது. கதிர்வீச்சுக்குப் பிறகு இந்தக் குழப்பம் இன்னும் மோசம். தழும்பையும் மிச்சப் புற்றையும் அல்ட்ராசவுண்ட் பிரித்துக் காட்டாது. முடிந்தால் பயாப்சிக்கு முன்பே ஸ்கேன் செய்வது உத்தமம். நடைமுறையில் அது அரிது.

நிணநீர் முடிச்சு ஒன்று, 8 மணியில், 4 மி.மீ. நீள்வட்டம், நடுவில் வெள்ளை. ப்ரோபை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தோம். ரத்தக்குழாய் என்றால் நீண்டுகொண்டே போகும், கிளை விடும். இது அப்படியே நின்று மறைந்தது, ஆகவே முடிச்சுதான். உருண்டையாக, கறுப்பாக, கூரான விளிம்போடு, 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் சந்தேகப்படுவோம். இதில் அவை எதுவும் இல்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும்: முடிச்சுகளைப் பொறுத்தவரை இந்த ஸ்கேன் பலவீனமானது. 5 மி.மீ.க்குக் குறைந்த முடிச்சிலும் புற்று இருப்பது சகஜம். ஆழத்தைச் சொல்லும் துணிவோடு முடிச்சைப் பற்றிச் சொல்ல முடியாது.

சுருக்குத் தசையையும் அதே அமர்வில் பார்த்தோம். இரண்டு பிரசவம் ஆன பெண்களுக்கு முன்புறத்தில் அறியாமல் கிழிந்து ஆறிய இடம் இருக்கலாம். இவருக்கு முழு வளையமும் நன்றாக இருந்தது. பதிவு செய்த காணொளியை, என் முடிவைச் சொல்லாமல் இன்னொரு மருத்துவரிடம் கொடுத்தேன். அவரும் யூடி1 என்றார். அறிக்கை: யூடி1, யூஎன்0 (முடிச்சுப் பரவல் தெரியவில்லை).

எவ்வளவு நம்பலாம்?

2009இல் வந்த தொகுப்பாய்வு டி1 கட்டிகளில் இந்த முறையின் கண்டுபிடிப்புத் திறன் 88 சதவீதம் என்றும், டி1 அல்லாததை டி1 இல்லை என்று சொல்லும் திறன் 98 சதவீதம் என்றும் சொன்னது. இந்த எண்களை மட்டும் படித்துவிட்டு ப்ரோபைப் பிடிக்கக் கூடாது. ஜெர்மனியில் 2000 முதல் 2008 வரை முந்நூற்றுச் சொச்சம் மருத்துவமனைகளில் நடந்ததைத் திரட்டி, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் ஸ்கேன் நிலையையும் அறுத்த பின் நோயியல் சொன்ன நிலையையும் பொருத்திப் பார்த்தார்கள். பொருந்தியது 65 சதவீதம் மட்டுமே. வருடத்துக்குப் பத்து அல்லது அதற்கும் குறைவாகச் செய்யும் இடங்களில் 63, முப்பதுக்கு மேல் செய்யும் இடங்களில் 73. பிரிட்டனில், ஆசனவாய் வழியாகக் கட்டி அகற்றிய நோயாளிகளின் பதிவேடும் கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொன்னது: ஸ்கேன் செய்யப்பட்டவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு நிலை தவறாகச் சொல்லப்பட்டிருந்தது.

இந்த எண்களைக் காட்டி, கருவியையே ஒதுக்கிவிடலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. கருவி ஒன்றுதான்; கை மாறும்போது பலன் மாறுகிறது என்பதுதான் அந்த எண்கள் சொல்வது. ஒவ்வொரு ஊரிலும் ஒன்று வாங்கி வைத்து மாதத்துக்கு ஒரு நோயாளியைப் பார்ப்பதைவிட, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காடு முழுவதும் உள்ள ஆரம்ப நிலைக் கட்டிகள் ஓரிரு இடங்களுக்கு வந்து சேர்ந்தால், அங்கே பார்ப்பவர்களின் கை பழகும். எல்லா மலக்குடல் புற்றும் அனுப்பப்பட வேண்டியதில்லை. ப்ரோப் நுழைய முடியாதபடி அடைத்த கட்டிக்கும், கொழுப்புக்குள் தெளிவாகப் பாய்ந்துவிட்ட கட்டிக்கும் எம்.ஆர்.ஐ. போதும். விரலுக்கு நகர்கிற, 3 செ.மீ.க்குள் இருக்கிற, எம்.ஆர்.ஐ. “டி1 அல்லது டி2” என்று எழுதுகிற கட்டிகள் வந்தால் போதும்.

அதிகமாகச் சொல்வதால் பாதுகாப்புதானே, கூடுதல் சிகிச்சை கெடுதல் செய்யாதே என்ற எண்ணமும் நம்மிடம் இருக்கிறது. 2004இல் வந்த பெரிய ஜெர்மன் ஆய்வு அறுவைக்கு முன் கீமோவும் கதிர்வீச்சும் கொடுப்பது, பின் கொடுப்பதைவிட நல்லது என்று நிறுவியது. அதே இடத்தில் புற்று திரும்புவது 13 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்தது. அதே ஆய்வில், நேராக அறுவைக்குப் போனவர்களில் 18 சதவீதம் பேருக்கு, ஸ்கேன் டி3 அல்லது முடிச்சுப் பரவல் என்று சொல்லியிருந்தும், அறுத்துப் பார்த்தபோது நோய் முதல் நிலையிலேயே இருந்தது. அப்படியானால் முன்கூட்டியே கதிர்வீச்சு பெற்றவர்களிலும் ஏறக்குறைய அதே விகிதத்தினர் தேவையில்லாமல் அதை வாங்கியிருப்பார்கள். அந்தக் கதிர்வீச்சின் விலையை, மலத்தை அடக்க முடியாமல் கழிவறைக்கு ஓடுவதில், அவர்கள் வாழ்நாள் முழுக்கக் கட்டுகிறார்கள்.

கூட்டு முடிவும் அறுவையும்

பல்துறைக் கூட்டத்தில் புற்று மருத்துவரும், கதிர்வீச்சு மருத்துவரும், நோயியல் மருத்துவரும் படங்களைப் பார்த்தார்கள். கட்டி 3 செ.மீ.க்குக் குறைவு, சுற்றளவில் 30 சதவீதத்துக்குக் குறைவு, 8 செ.மீ. உயரத்துக்குள், வேறுபாடு நடுத்தரம், யூடி1. ஆசனவாய் வழியாக முழுத் தடிமனில் அகற்றலாம் என்று முடிவானது. ஒரு நிபந்தனையோடு: நோயியல் முடிவு மோசமாக வந்தால் மலக்குடலை எடுக்கும் அறுவைக்குத் தயாராக இருக்க வேண்டும். இதை அம்மாவுக்கும் மகனுக்கும் அறுவைக்கு முன்பே சொன்னோம். கட்டியை எடுப்பதும் ஒருவகையில் பெரிய பயாப்சிதான், கடைசி வார்த்தை நுண்ணோக்கியுடையது என்று விளக்கினோம்.

ஆசனவாயில் பொருத்திய வாயில் வழியாக லேப்ராஸ்கோபி கருவிகளை நுழைத்து அறுவை நடந்தது. கட்டியைச் சுற்றி 1 செ.மீ. விட்டு மின்கத்தியால் புள்ளி வைத்து, வெளிக் கொழுப்பு மஞ்சளாகத் தெரியும் வரை முழுத் தடிமனில் வெட்டியெடுத்து, காயத்தைத் தைத்து மூடினோம். பின்புறச் சுவர் என்பதால் வயிற்றறைக்குள் திறந்துவிடும் பயமோ, முன்புறத்தில் யோனிச் சுவரைக் காயப்படுத்தும் பயமோ இல்லை. எடுத்த துண்டை அறுவை அறையிலேயே தக்கைப் பலகையில் குண்டூசி குத்தி விரித்து, மேல், கீழ் குறித்து அனுப்பினோம். ஃபார்மலினில் சும்மா போட்டால் சுருண்டுவிடும். சுருண்ட துண்டில் ஆழத்தை அளக்க முடியாது. நோயியல் மருத்துவரின் உழைப்பெல்லாம் வீண். இரண்டாம் நாள் வீட்டுக்குப் போனார்.

நோயியல் முடிவும் அதன்பின் வந்த கேள்வியும்

பிடி1, அதாவது நுண்ணோக்கியில் பார்த்தும் டி1. தசை அடுக்கு முழுதும் துண்டில் இருந்தது. அதில் புற்று இல்லை. பக்க விளிம்பு 8 மி.மீ., அடி விளிம்பு 3 மி.மீ. தள்ளி. ரத்த, நிணநீர்க் குழாய்களில் நுழைவு இல்லை. புற்று மொட்டுகள் (கட்டியின் விளிம்பிலிருந்து பிரிந்து நிற்கும் சிறு செல் கூட்டங்கள்) குறைவு. ஸ்கேன் சொன்ன ஆழம் சரி.

ஆனால் டி1க்குள்ளும் படிகள் உண்டு. சளிச்சவ்வின் கீழ் அடுக்கை மூன்றாகப் பிரித்து, மேல் மூன்றில் ஒரு பங்கில் நின்றால் எஸ்எம்1, நடுவில் எஸ்எம்2, தசையை ஒட்டிய பங்கு வரை போனால் எஸ்எம்3 என்கிறோம். எஸ்எம்1இல் முடிச்சுக்குப் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. எஸ்எம்3இல் ஏறக்குறைய நான்கில் ஒன்று. இவருக்கு எஸ்எம்2. திரையில் மூன்றாவது கோடு மெலிந்து குழிந்திருந்ததே, அந்த இடம்தான். எங்கள் ப்ரோபால் அதற்கு மேல் நுணுக்கமாகப் பிரிக்க முடியாது.

கூட்டத்தில் இரண்டு கருத்து. ஒருவர் மலக்குடலை எடுத்துவிடலாம் என்றார். முடிச்சுகளை யாரும் அறுத்துப் பார்க்கவில்லை என்பது அவர் வாதம், அதில் நியாயம் இருந்தது. மற்றவர்கள், வேறு எந்தக் கெட்ட அறிகுறியும் இல்லாத எஸ்எம்2க்கு நெருங்கிய கண்காணிப்பு ஏற்கத்தக்கது என்றார்கள். நான் இரண்டாவது பக்கம். பத்தில் ஒன்று என்ற ஆபத்து சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஒன்பது பேருக்குத் தேவையில்லாத ஓர் உறுப்பிழப்பும் சின்ன விஷயம் இல்லை. முடிவு எங்களுடையதும் இல்லை.

அம்மாவிடம் இரண்டு வழிகளையும், இரண்டிலும் உள்ள ஆபத்தையும் சொன்னோம். பத்துப் பீடியை வரிசையாக வைத்து, இதில் ஒன்றில் மட்டும் நோய் ஒளிந்திருக்கலாம் என்று மகன் அவருக்குப் புரிய வைத்தார். ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்தார். “மூணு மாசத்துக்கு ஒரு வாட்டி தவறாம வந்துடுறேன் சார். வந்தா பாத்து சொல்லுங்க. அப்ப எடுக்கணும்னா எடுத்துடுங்க” என்றார்.

தொடர் கண்காணிப்பு

முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை விரல் பரிசோதனை, சி.இ.ஏ., குழாய் வழிப் பார்வை, அல்ட்ராசவுண்ட். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எம்.ஆர்.ஐ. ஒரு வருடம் முடிந்ததும் கொலோனோஸ்கோபி. அதன்பின் ஐந்து வருடம் முடியும் வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை. தைத்த இடத்தில் தழும்பு கறுப்பாகத்தான் தெரியும். ஒரு படத்தை மட்டும் பார்த்தால் அது புற்று போலவே இருக்கும். அதனால் காயம் ஆறிய மூன்றாம் மாதம் எடுத்த படத்தை அடிப்படையாக வைத்துக்கொள்கிறோம். பார்ப்பது மாற்றத்தை.

இப்போது பதினெட்டு மாதம். 5 மணியில் தழும்பின் தடிமன் 5 மி.மீ.இலிருந்து 4 ஆகக் குறைந்திருக்கிறது. 8 மணி முடிச்சு அதே 4 மி.மீ., அதே வெள்ளை நடு. சி.இ.ஏ. 1.9. மலத்தை அடக்குவதில் சிரமம் இல்லை. ஹீமோகுளோபின் 12க்கு ஏறிவிட்டது. தழும்பு தடித்தாலோ, முடிச்சு உருண்டாலோ, புதிதாக ஒன்று முளைத்தாலோ, அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே ஊசி வைத்துத் திசு எடுப்போம், கூடவே எம்.ஆர்.ஐ.யும் எடுப்போம், புற்று என்று உறுதியானால் மலக்குடலை எடுக்கும் அறுவைக்குப் போவோம். இது மூன்றும் அவருடைய கோப்பின் முதல் பக்கத்தில், கட்டி இருந்த மணி, உயரம், அன்றைய ப்ரோபின் அலைவரிசை ஆகியவற்றோடு எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த முறை ப்ரோபைப் பிடிக்கிறவர் நானாக இல்லாவிட்டாலும் அதே இடத்தை அதே கோணத்தில் பார்க்க வேண்டும்.